ஒரு கிலோமீட்டர் கோடும் பத்து சென்டிமீட்டர் மேடும்

பள்ளிக்கரணை, நாராயணபுரம், கைவேலி, ஜல்லடியன்பேட்டை, மேடவாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் தொடங்கி செம்பாக்கம், சேலையூர் வரையுள்ள குடியிருப்போர் நலச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும்,



2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு போட்ட உத்தரவு உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கட்டுமானத்துக்குத் திட்ட அனுமதி தரக் கூடாது, அந்த நிலத்தின் தாக்க மண்டலம் எதுவரை என்பதை அறிவியல் முறைப்படி வரையறுக்கும் வரை இது நீடிக்கும் என்றது தீர்ப்பாயம். அடுத்த மாதமே பெரும்பாக்கத்தில் எழவிருந்த பெரிய அடுக்ககத் திட்டம் ஒன்றுக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நம் வாட்ஸ்அப் குழுக்களில் காலையில் கைதட்டல் பொம்மைகளாக வந்து விழுந்தன. மாலையில் அதே குழுக்களில், "மாடி எடுக்கலாம்னு பிளான் போட்டு வச்சிருந்தேன், நானும் இந்த ஒரு கிலோமீட்டர்ல மாட்டிக்கிட்டேனா சார்?" என்ற கேள்வியும் வந்தது. இரண்டையும் எழுதியவர்கள் பல குழுக்களில் ஒரே ஆட்கள்தான்.

அந்தக் கோட்டைப் பற்றித்தான் இந்த மடல். அது சரியா தவறா என்று வழக்காட நான் வரவில்லை. தண்ணீர் எங்கிருந்து வந்து, எங்கே நின்று, எந்த வழியாகப் போகிறது என்பதைக் காட்டும் ஒரே வரைபடத்தை எந்தத் துறையும் கையில் வைத்திருக்காத நிலையில், கவராயத்தை வைத்துச் சுற்றிய கோடு அது. அந்த வரைபடம் வராத வரை இப்படிப்பட்ட கோடுகள்தான் நம் தலையில் விழும். வரும்போது அது நம்மையும் சேர்த்துக்கொண்டு, நம் கண்ணுக்குத் தெரியும்படி வர வேண்டும் என்பதே நான் கேட்டுக்கொள்வது.

முதலில் இருக்கிற வரைபடங்களைப் பார்ப்போம். 1960-களில் இந்தக் கழுவெளி ஐம்பது சதுர கிலோமீட்டர் அளவுக்குப் பரந்து கிடந்தது. வருவாய்த் துறை ஆவணங்களில் பயனற்ற புறம்போக்காக எழுதப்பட்டதால், எந்தத் திட்டத்துக்கு இடம் தேடினாலும் கை இங்கேதான் நீண்டது. பெருங்குடிக் குப்பைக் கிடங்கு, துரைப்பாக்கம் - பல்லாவரம் ரேடியல் சாலை, அரசு நிறுவனங்கள், ஐடி வளாகங்கள் எல்லாம் அப்படி வந்தவைதாம். 2007-ல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. பிறகு அது ஏறத்தாழ 700 ஹெக்டேருக்கு விரிந்தது. 2022-ல் ஈரநிலங்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் ராம்சார் தகுதி கிடைத்தபோது எழுதப்பட்ட பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். காப்புக்காட்டுக்கும் ராம்சார் எல்லைக்கும் நடுவே இருக்கும் ஐந்நூறு சொச்சம் ஹெக்டேரில்தான் இன்றைய சண்டை அத்தனையும் நடக்கிறது.

காரணம் எளியது. ராம்சார் எல்லை உலக வரைபடத்தின் மேல் வரைந்த கோடு. நம் பத்திரமோ சர்வே எண்ணிலும் உட்பிரிவிலும் எழுதப்பட்டது. பட்டா, 'அ' பதிவேடு, புல வரைபடம் ஆகியவற்றை இன்று வீட்டிலிருந்தே இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். இது பெரிய வசதி, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புலப்படத்தில் சங்கிலி பிடித்து அளந்த பக்க அளவுகள் இருக்குமே தவிர, உங்கள் மனை உலக வரைபடத்தில் எங்கே உட்காருகிறது என்பது இருக்காது. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டால் சில இடங்களில் பொருந்தும், சில இடங்களில் ஒரு தெரு அகலத்துக்கு நகர்ந்து நிற்கும். "இந்த சர்வே எண் ராம்சாருக்கு உள்ளேயா, வெளியேயா" என்ற ஒற்றைக் கேள்விக்கு உடனே பதில் வராமல், களத்தில் இறங்கிச் சரிபார்க்கும் வேலை தேவைப்பட்டது இதனால்தான்.

சரி, எல்லைக் கோடு நாளையே துல்லியமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நம் கவலை தீருமா? தீராது. தண்ணீருக்குத் தூரக் கணக்கு தெரியாது, உயரக் கணக்குதான் தெரியும்.

2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகளை எடுத்துப் பாருங்கள். பத்தாண்டுகளில் காணப்பட்ட சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து ஐம்பது மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானம் கூடாது என்கிறது. படிக்க எளிதாக இருக்கிறது. ஆனால் வெள்ள மட்டம் என்பது ஓர் உயரம். அந்த உயரம் தரையை எங்கே தொடுகிறதோ அங்கிருந்துதான் ஐம்பது மீட்டரை எண்ண வேண்டும். மலையடிவார ஏரியில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். கரை செங்குத்தாக ஏறுகிறது, மட்டம் கொஞ்சம் தப்பினாலும் கோடு நகராது. நம் ஊரோ தோசைக்கல். கிலோமீட்டருக்கு அரை மீட்டர் சரிவு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். மட்டத்தில் பத்து சென்டிமீட்டர் பிழை வந்தால் கோடு இருநூறு மீட்டர் நகர்கிறது. அதாவது விதி சொல்லும் ஐம்பது மீட்டரைப் போல நான்கு மடங்கு. இருநூறு மீட்டரில் எத்தனை தெரு இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றிய அரசின் 2022 தேசிய புவிசார் கொள்கை, 2030-க்குள் நாடு முழுவதற்கும் துல்லியமான உயர வரைபடம் என்கிறது. சமவெளிக்கு அது வைத்திருக்கும் இலக்கு 25 சென்டிமீட்டர். 2035-க்குள் பெரிய நகரங்களுக்கெல்லாம் மெய்நிகர் மாதிரி, அதாவது டிஜிட்டல் ட்வின். நாட்டுக்கு இது பெரிய பாய்ச்சல்தான். பள்ளிக்கரணைக்குப் போதாது. மேலே போட்ட அதே கணக்கில் 25 சென்டிமீட்டர் என்றால் அரை கிலோமீட்டர். நம் பகுதிக்கு மட்டும் இன்னும் நெருக்கமான அளவீடு வேண்டும் என்று கேட்க நமக்கு நியாயம் உண்டு.

இந்தத் தட்டை நிலத்தைத் தேடி ஒருவர் வந்த கதை ஒன்று இருக்கிறது. இந்தியா முழுவதையும் முக்கோணங்களாகப் பிரித்து அளந்த மாபெரும் நில அளவைக்கு வில்லியம் லாம்டன் முதல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கியது 1802 ஏப்ரல் 10. பரங்கிமலையில் ஒரு முனை, பெரும்பாக்கம் பக்கமிருந்த குன்றில் மறுமுனை, இடையே சுமார் ஏழரை மைல். நூறு அடி எஃகுச் சங்கிலியை, வெயிலில் நீண்டுவிடாமல் காபந்து செய்து, வாரக்கணக்கில் மடித்து மடித்துப் போட்டு அளந்தார்கள். அடிக்கோட்டுக்கு மேடு பள்ளமில்லாத சமதரை தேவை; அது இங்கே கிடைத்தது. எவரெஸ்ட் வரை போன அளவைக்கு ஆரம்பப் புள்ளி நம் கொல்லைப்புறம்தான். இருநூறு வருடத்துக்கு மேல் ஆகியும் அதே சமதரையில் எந்தத் தெரு எந்தத் தெருவைவிட ஒரு சாண் தாழ்வு என்று கேட்டால் ஆவணத்தில் பதில் இல்லை. தரைத்தளத்தில் குடியிருக்கும் பாட்டியிடம் இருக்கிறது.

பாட்டியைச் சும்மா இழுக்கவில்லை. மெய்நிகர் மாதிரி எப்படித் தயாராகிறது என்று பார்த்தால் அவர் ஏன் தேவை என்பது புரியும். விமானத்திலிருந்தோ ட்ரோனிலிருந்தோ படம் எடுக்கிறார்கள், லேசர் கதிரைக் கீழே அனுப்பி அது திரும்பி வரும் நேரத்தை வைத்து உயரத்தைக் கணக்கிடுகிறார்கள். அதன் மேல் கட்டடங்களை நிறுத்துகிறார்கள், வடிகால்களை வரைகிறார்கள். பிறகு கணினிக்குள் மழையைப் பெய்ய விடுகிறார்கள், கடலில் ஏற்றத்தை வைக்கிறார்கள், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கிறார்கள். ஒரு மனையை மேடாக்கினால் என்ன ஆகும், ஒரு கால்வாயை அகலப்படுத்தினால் என்ன ஆகும் என்று கடப்பாரையைத் தொடும் முன்பே பார்த்துவிடலாம். நகரத் திட்டமிடலில் இதைவிடப் பயனுள்ள கருவி ஒன்று இப்போதைக்கு இல்லை என்றே நினைக்கிறேன்.

ஆனால் மேலிருந்து பார்க்கும் கண்ணுக்குச் சில விஷயங்கள் தெரியாது. சதுப்பில் ஆளுயரத்துக்கு மண்டியிருக்கும் சம்பின் நுனியைத் தரை என்று எடுத்துக்கொள்ளும். ஆகாயத்தாமரை மூடிய கால்வாயைப் பசும்புல் என்று நினைக்கும். கலங்கிய நீருக்கு அடியில் எவ்வளவு ஆழம் என்று தெரியாது. எல்லாவற்றையும்விட முக்கியம், சாலைக்கு அடியில் இருக்கும் கல்வெர்ட் தெரியாது. வானத்திலிருந்து பார்த்தால் ரேடியல் சாலை சதுப்பின் குறுக்கே போட்ட அணைதான். வேளச்சேரி - தாம்பரம் சாலையும் அப்படியே. யாராவது கீழே இறங்கி, இந்த இடத்தில் கல்வெர்ட் இருக்கிறது, இத்தனை அடி அகலம், அடிமட்டம் இவ்வளவு, இப்போது பாதிக்கு மேல் தூர்ந்து கிடக்கிறது என்று மாதிரிக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கணினிக்குள் தண்ணீர் தப்பான பக்கம் தேங்கும். கல்வெர்ட் இருக்கிறது என்று மட்டும் சொல்லி, அதன் வாயில் சோபா மெத்தை சிக்கியிருப்பதைச் சொல்லாவிட்டால் கணினியில் வெள்ளம் வடிந்துவிடும், தெருவில் வடியாது. இரண்டாவது தவறுதான் ஆபத்தானது, ஏனென்றால் அது அதிகாரிக்கு நிம்மதியைத் தரும்.

ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். சென்னைக்கென்று முதன்முதலில் முழுமையாகச் செய்த வெள்ள மாதிரி நம் ஊரில்தான் குடியிருக்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு மும்பை ஐஐடி, சென்னை ஐஐடி, அண்ணா பல்கலைக்கழகம் ஆகியவை சேர்ந்து உருவாக்கி, 2019-ல் வெளியான 'சி-ஃப்ளோஸ்' என்ற அமைப்பைச் செயல்படுத்துவது தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம். அது இருப்பது வேளச்சேரி - தாம்பரம் சாலையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவன வளாகத்தில், சதுப்பு நிலத்தின் ஓரத்திலேயே. மழை, ஆற்று நீர், கடல் ஏற்றம் மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டு எந்த வார்டில் எவ்வளவு நீர் நிற்கும் என்று முன்கூட்டியே சொல்வது அதன் வேலை. இதற்குப் பிறகு அடையாறு, கூவம், கொசஸ்தலையாறு, கோவளம் வடிநிலங்கள் முழுவதற்குமாக மாநில அரசும் நிகழ்நேர வெள்ள முன்னறிவிப்பு அமைப்பு ஒன்றில் இறங்கியது. ஆக, நம்மிடம் மாதிரி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. இவையெல்லாம் முதன்மையாக நாளைய மழைக்கு இன்று எச்சரிக்கை தருவதற்குச் செய்யப்பட்டவை. படகு எங்கே நிறுத்துவது, யாரை முகாமுக்கு அழைத்துப் போவது என்று முடிவெடுக்க உதவும். பத்து வருடம் கழித்து வரப்போகும் வெள்ளத்தை இன்று ஒரு மேசையில் கையெழுத்துப் போட்டு உருவாக்குகிறோமே, அந்த மேசையில் அந்த மாதிரி இல்லை. திட்ட அனுமதி தருவது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம். வெள்ளம் தேங்கும் இடமா என்று பார்த்துத் தடையின்மைச் சான்று தருவது நீர்வளத் துறை. அந்தச் சான்றுகளைப் படித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மனையை இன்ன மட்டம் வரை நல்ல மண் கொட்டிக் கெட்டிப்படுத்தி உயர்த்த வேண்டும் என்று மீட்டர் கணக்கில் ஒரு நிபந்தனை இருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் நியாயமான நிபந்தனை. வாங்குபவர் வீட்டுக்குள் தண்ணீர் போகக் கூடாதல்லவா? ஆனால் அந்த மனையில் முன்பு நின்ற தண்ணீர் எங்கே போகும் என்று யாரும் கேட்பதில்லை.

எங்கே போகிறது என்பதை நம் தெருக்களில் பார்க்கலாம். தொண்ணூறுகளில் கட்டிய வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று சாலையிலிருந்து மூன்று படி ஏறி வாசலுக்குப் போனார்கள். பக்கத்து மனையில் சவுடு மண்ணும் இடிபாடும் லாரி லாரியாகக் கொட்டி ஸ்டில்ட் வைத்து அடுக்ககம் எழுந்தது. சாலையைச் சுரண்டாமலே மேலே மேலே தார் போட்டார்கள். இன்று அதே வீட்டுக்குச் சாலையிலிருந்து ஒரு படி இறங்கிப் போகிறார்கள். கேட்டுக்கு உள்ளே முழங்கால் உயரத்துக்குச் சிமெண்ட் தடுப்பு, அதைத் தாண்டித்தான் ஸ்கூட்டரை ஏற்றி இறக்க வேண்டும். கையில் காசிருப்பவர் வடநாட்டுத் தொழிலாளர்களைக் கூப்பிட்டு, பேஸ்மட்டத்தைச் சுற்றித் தோண்டி, நூறு இருநூறு ஜாக்கி வைத்து வீட்டையே மூன்று நான்கு அடி தூக்குகிறார். அது முடிந்ததும் தண்ணீர் அடுத்த வீட்டுக்குப் போகிறது. அடுத்த வீட்டுக்காரர் ஜாக்கிக்குக் கொட்டேஷன் கேட்கிறார். ஒவ்வொரு மனைக்கும் தனித்தனியே அனுமதி தரும் முறையில் இந்த ஓட்டப்பந்தயம் நிற்கவே நிற்காது. ஐம்பது மனையையும் சேர்த்து உயர்த்தினால் மொத்தத்தில் என்ன ஆகும் என்று பார்க்கக் கூடிய ஒரே இடம் மெய்நிகர் மாதிரிதான். அதை ஓட்டிப் பார்த்த பிறகே அனுமதி என்று விதி வந்தால், ஒரு கிலோமீட்டர் கவராயத்துக்கு வேலையே இல்லை. எண்ணூறு மீட்டரில் இருக்கும் ஒரு மனைக்கு அனுமதி கிடைக்கலாம். மூன்று கிலோமீட்டரில் ஓடையை அடைத்து நிற்கும் ஒரு வளாகத்துக்குக் கிடைக்காமலும் போகலாம்.

இங்கே செம்பாக்கம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் நண்பர்களிடம் ஒரு வார்த்தை. உங்களை ஏன் இந்த மடலில் சேர்த்தேன் என்று கேட்கலாம். நீங்கள் தாம்பரம் மாநகராட்சி, நாங்கள் சென்னை மாநகராட்சி. 2021 நவம்பரில் உங்கள் மாநகராட்சி உருவானபோது போட்ட எல்லை தண்ணீருக்குத் தெரியாது. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்து நீர் செம்பாக்கம் ஏரிக்கு வந்து, நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்கு ஏரி வழிந்து கடைசியில் சதுப்புக்கு வருகிறது. சுமார் 250 சதுர கிலோமீட்டரின் மழைநீர் இப்படி வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு என்ற ஒற்றை வாய் வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொட வேண்டும். 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அது எங்கள் தெருவில் வந்து நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை அடுக்ககம் ஒன்றிலிருந்து கார்கள் வரிசையாக மிதந்து போன காணொளியை நாடே பார்த்தது.

மேலே தாம்பரம் மாநகராட்சி, நடுவே மேடவாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் என்று ஊராட்சிகள், கீழே சென்னை மாநகராட்சி. ஏரிகள் நீர்வளத் துறைக்கு, சதுப்பு வனத் துறைக்கு, ரேடியல் சாலை நெடுஞ்சாலைத் துறைக்கு. இத்தனை பேரும் தனித்தனி வரைபடம் வைத்திருந்தால், நாராயணபுரத்தில் ஒரு மூடு கால்வாயை அகலப்படுத்தும் பொறியாளருக்குச் செம்பாக்கத்தில் ஒரு கலங்கலை மாற்றிக் கட்டியது தெரியவே போவதில்லை. மாதிரி ஒன்றாக இருக்க வேண்டும், நிர்வாக எல்லைக்கு அல்லாமல் நீர்ப்பிடிப்புக்கு ஏற்ப இருக்க வேண்டும். சங்கங்களாகிய நாமும் அந்த எல்லையிலேயே ஒன்றுசேர வேண்டியிருக்கிறது. செம்பாக்கம் சங்கமும் பள்ளிக்கரணைச் சங்கமும் ஒரே அறையில் உட்கார்ந்து எத்தனை முறை பேசியிருக்கின்றன?

வெளியூர்க் கதைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2014-ல் சிங்கப்பூர் 7.3 கோடி வெள்ளியில் தன் முழுத் தீவுக்கும் மெய்நிகர் மாதிரி செய்வதாக அறிவித்தது. சிங்கப்பூரில் பெரும்பகுதி நிலம் அரசுடையது, ஒரே நிர்வாகம். நமக்கு அதில் கற்பது கொஞ்சம்தான். ஹெல்சிங்கி தன் முப்பரிமாண நகர மாதிரியை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி திறந்து வைத்திருக்கிறது. நாம் கேட்க வேண்டியது அது. பக்கத்தில் அமராவதி. நகரம் எழும் முன்பே அதற்கு முழு டிஜிட்டல் ட்வின் என்று 2018-ல் பெரிதாகப் பேசினார்கள். அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது, கட்டுமானம் நின்றது. மாதிரி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் முடிவு கோட்டையில்தான் எடுக்கப்படும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி, கொஞ்சம் சங்கடமான பேச்சு. இந்த வரைபடம் பொதுவில் வந்தால் அதில் நம் தெருவும் நீல நிறத்தில் வரும். சங்கக் கூட்டங்களில் இதைச் சொன்னவுடன் ஒரு குரல் எழும்: "மேப்ல நம்ம தெருவ நீலமா போட்டா கிரவுண்டு ரேட் என்னாகும் சார்?" கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கிய முக்கால் கிரவுண்டு அது, மகள் கல்யாணத்துக்கு அடமானம் வைக்க வேண்டியதும் அதுதான். ஆனால் பெரிய கட்டுமான நிறுவனத்தைத் தடுக்க வரைபடம் வேண்டும், நம் தெருவைக் காட்டும்போது மட்டும் அது மங்கலாக இருக்க வேண்டும் என்று இரண்டையும் ஒரே மனுவில் கேட்க முடியாது. வாடகைக்கு வரும் குடும்பமும், புதிதாக ஃபிளாட் வாங்க வரும் பிள்ளைகளும் தரைத்தளத்தில் தண்ணீர் வருமா என்று நம்மிடம்தான் கேட்கிறார்கள். "இங்கெல்லாம் வராதுங்க" என்று நாம் சொல்லும் பதிலுக்கு நம் மனசாட்சி தவிர வேறு சாட்சி இல்லை. விலை விழும் என்ற பயத்தில் நான் பாதிதான் நம்புகிறேன். 2015-க்குப் பிறகும் 2023-க்குப் பிறகும் இங்கே விலை ஏறத்தான் செய்தது. விழுந்தாலும், தெரிந்து விழட்டும்.

இன்னொரு பயத்தை நான் முழுதாக நம்புகிறேன். வெள்ள வரைபடத்தின் கத்தி முதலில் இறங்குவது குடிசை மேல்தான். 2015 வெள்ளத்துக்குப் பின் ஆற்றோரக் குடும்பங்களை ஆயிரக்கணக்கில் அப்புறப்படுத்தினார்கள். அவர்களில் பெரும்பகுதியினரைக் கொண்டுவந்து வைத்தது எங்கே? பெரும்பாக்கத்தில், இதே சதுப்பின் விளிம்பில். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி இன்னொரு தாழ்நிலத்தில் எட்டு மாடி கட்டிக் குடிவைத்தார்கள். மாதிரியில் நிலமட்டம் இருக்கும், சுவர் இருக்கும், வடிகால் இருக்கும். அந்தத் தரைத்தளத்தில் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு வேலை எங்கே, பிள்ளைகளுக்குப் பள்ளி எங்கே என்பது இருக்காது. ஆகவே நாம் வரைபடம் கேட்கும்போதே இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்: நீல நிறத்தில் வரும் ஐடி வளாகத்துக்கும் நீல நிறத்தில் வரும் குடிசைக்கும் ஒரே விதி. பெரும்பாக்கம் குடியிருப்பின் சங்கங்களை நம் கூட்டங்களுக்கு இதுவரை அழைக்காமல் இருந்தால், இனி அழைக்க வேண்டும்.

எங்கே தொடங்குவது என்று கேட்பீர்கள். நம் கையில் இருப்பதிலிருந்துதான். ட்ரோன் வாடகைக்கு எடுக்கலாம் என்று இளைஞர்கள் சொல்வார்கள். தாம்பரத்தில் விமானப்படைத் தளம், மீனம்பாக்கத்தில் விமான நிலையம், நினைத்தபோது பறக்கவிட முடியாது. அது தேவையும் இல்லை. மாதிரி செய்பவர்களிடம் இல்லாததும் நம்மிடம் இருப்பதும் வெள்ளக் கறை. கேட் தூணில், காம்பவுண்டுச் சுவரில், ஈபி மீட்டர் பெட்டிக்குக் கீழே, மாடிப்படியின் மூன்றாம் படியில் 2015, 2021, 2023 கறைகள் இன்னும் இருக்கின்றன. அடுத்த முறை வெள்ளையடிக்கும்போது அவை போய்விடும். வெள்ளையடிக்கும் முன் பெயிண்டால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். பிறகு சங்கச் செலவில் ஒரு தனியார் சர்வேயரைக் கூப்பிடுங்கள். ஆட்டோ லெவலும் ஸ்டாஃபும் வைத்து ஒரு தெருவை அரை நாளில் முடித்துவிடுவார்; கடல் மட்டத்தோடு இணைக்கப்பட்ட பெஞ்ச் மார்க்கிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். சாலையிலிருந்து இத்தனை அடி என்று மட்டும் எழுதினால் பயனில்லை. சாலை அடுத்த வருடம் ஏறிவிடும்.

கல்வெர்ட்டுகளையும் இதே போல் ஒவ்வொன்றாகக் குறித்துவையுங்கள். அகலம், உயரம், அடிமட்டம், எவ்வளவு அடைபட்டிருக்கிறது, கடைசியாக எப்போது தூர்வாரினார்கள் என்பது போதும். 2015 டிசம்பரில் தன்னார்வலர்கள் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தண்ணீர் நிற்கும் தெருக்களைக் குறித்து, ஓரிரு நாளில் நகரத்துக்கே ஒரு வெள்ளப் படத்தைத் தந்தார்கள். சாதாரண மக்கள் தந்த தகவலை நம்பலாமா என்ற கேள்விக்கு அன்றே பதில் கிடைத்துவிட்டது. 2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசு வரைபடத் தயாரிப்புக்கான முன் அனுமதிகளை நீக்கியதிலிருந்து நாம் இப்படிச் செய்வதற்குச் சட்டத் தடையும் இல்லை.

கேட்க வேண்டியதும் தெளிவாக இருக்கட்டும். சென்னைப் பெருநகருக்கான 2008-ஆம் ஆண்டின் இரண்டாவது முழுமைத் திட்டத்தின் காலம் 2026-ஓடு முடிகிறது. 2046 வரைக்குமான மூன்றாவது திட்டத்தில் பள்ளிக்கரணை நீர்ப்பிடிப்பு முழுவதற்கும் ஒரே வெள்ள மாதிரி, அது சர்வே எண்ணோடு இணைந்து எல்லோருக்கும் திறந்திருப்பது, பெரிய மனை எதற்கும் அந்த மாதிரியில் ஓட்டிப் பார்த்த பிறகே அனுமதி, ஓட்டிப் பார்த்த முடிவு அனுமதிக் கடிதத்தோடு சேர்ந்தே வெளியாவது ஆகியவற்றைக் கேட்போம். கருத்துக்கேட்புக் கூட்டங்களில் நம் ஆட்கள் எழுந்து "எங்க தெருவுக்கு மழைநீர் வடிகால் வேணும்" என்று கேட்டே பழகிவிட்டார்கள். வடிகாலின் மறுமுனை எந்த மட்டத்தில் போய்ச் சேருகிறது என்று கேளுங்கள். சதுப்பில் நீர்மட்டம் ஏறியிருக்கும் நாளில் அதே வடிகால் வழியாகத் தண்ணீர் நம் தெருவுக்குத் திரும்பி வருமா என்றும் கேளுங்கள். பதில் சொல்ல அவர்கள் மாதிரியைத் திறந்துதான் ஆக வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாச் சங்கங்களும் கூடலாம் என்பது என் யோசனை. ஒவ்வொரு சங்கமும் தன் தெருக்களின் கறை மட்டங்களையும் கல்வெர்ட் பட்டியலையும் எழுதிக் கொண்டுவரட்டும். நோட்டுப் புத்தகமானாலும் சரி, எக்செல் ஆனாலும் சரி. செம்பாக்கத்துக்காரர்கள் அவசியம் வர வேண்டும். 2023 டிசம்பரில் அவர்கள் ஏரியின் கலங்கலில் தண்ணீர் விழத் தொடங்கிய நேரத்தையும் நாராயணபுரத்தில் முதல் வீட்டுக்குள் தண்ணீர் நுழைந்த நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
பள்ளிக்கரணைவாசி ஒருவன்